அமாவாசையன்று எழுந்த மணல்

அத்தியாயம் 12

அந்த ஒரு நாளுக்காகக் கனிமொழி தயாரித்திருந்த தாளில் மூன்று தலைப்புகள் இருந்தன. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எதில் விளையாடுவது.

சிதம்பரம் கீழவீதியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் ஆறு வருடங்களாக அவள் இந்த மூன்று தலைப்புகளைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து தேனிலவுக்குப் போகிறவர்கள், ஸ்ரீமுஷ்ணத்தில் அறுபதாம் கல்யாணம் முடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் எல்லாரும் அவள் போட்டுக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தமானில் இறங்குவார்கள். எந்த ஓட்டலில் காலையில் இட்லி கிடைக்கும், எந்தக் கடற்கரையில் அலை குறைவு, எந்தக் கப்பலில் ஏறினால் வாந்தி வராது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவள் அந்தமானைப் பார்த்ததில்லை. பிறந்தது காட்டுமன்னார்கோயில். வீராணம் ஏரிதான் அவள் கல்யாணத்துக்கு முன்பு பார்த்த பெரிய தண்ணீர்.

இன்றைய தாளில் ஊர் பெயர் வேறு. தோப்புத்திட்டு.

கிள்ளைக்குக் கிழக்கே உப்பங்கழியின் நடுவில், மாமனார் ராஜமாணிக்கத்தின் பட்டாவில் இருக்கும் ஒன்பது ஏக்கர் தென்னந்தோப்பு அது. அதில் இரண்டு கீற்றுக் குடில்கள் போட்டு விருந்தாளிகளைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அந்த வீடு பட்ட பாட்டைத்தான் இத்தனை வாரமாகப் பார்த்து வருகிறோம். இறால் பண்ணைக்காரர்கள் பத்து வருடக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தென்னையை எடுத்துவிட்டுக் குளம் வெட்டுவார்கள். கடைசியில் ராஜமாணிக்கம் ஒரு கெடு வைத்தார்.

"ஞாயித்துக்கெழம உன் மெட்ராஸ் அம்மா வந்து பாக்கட்டும். அவங்க சரின்னு சொன்னா ஒரு வருஷம் உன் இஷ்டம். இல்லன்னா திங்கக்கெழம பண்ணக்காரனுக்கு எழுதிக் குடுத்துருவேன். அப்பறம் யாரும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். பங்குனி அமாவாசை. புதிதாக ஒன்றைத் தொடங்க நிறைந்த அமாவாசையைவிட வேறு நாள் ஏது என்று அவர் சொன்னபோது வீட்டில் எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. கனிமொழிக்கும்தான்.

சனிக்கிழமை மாலை நண்டுக்குச் சொல்லிவிட்டு வந்து நின்றபோதுதான் முதல் இடி விழுந்தது. மாமியார் தில்லையம்மாள் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"நாளைக்கு அமாவாசம்மா. என் அடுப்புல நண்டா?"

"தீவுக்கு வர்றவங்க நண்டுதான் அத்தை கேப்பாங்க."

"கேக்கட்டும். திங்கக்கெழம வரச் சொல்லு, சட்டி நெறைய ஆக்கிப் போடறேன்."

"வேற யாரையாச்சும் வெச்சு..."

"வெச்சுக்க. நான் வேணாங்கல. ஆனா படையல் போட்டு, காக்காய்க்கு வெச்சுட்டுதான் நான் வாசல் தாண்டுவேன். என் கொழம்பும் அப்பதான் தாண்டும்."

அந்தக் கைக்கு ஈடாகச் சமைக்க கிள்ளையில் இன்னொரு கை கிடையாது. நண்டுக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றாள். தாளில் 'எங்கே சாப்பிடுவது' என்ற தலைப்பின் கீழே, மதியம் ஒன்றரை மணி, தோப்பில் இலைச் சாப்பாடு என்று திருத்தி எழுதினாள். மத்தியானம் படையல் முடிந்ததும் சாப்பாடு படகில் வந்து சேரும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

*

காலை ஒன்பது மணிக்குப் படகுத் துறையில் கார் வந்து நின்றது.

சத்யப்பிரியாவைக் கனிமொழி ஆறு வருடங்களாகக் குரலாக மட்டுமே அறிவாள். அந்தமான் அறைகளை உறுதி செய்து கொடுக்கும் சென்னைக் கம்பெனியில் அவள்தான் இடங்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. குரலை வைத்து உயரமாகக் கற்பனை செய்திருந்தாள். இறங்கியது குள்ளமான, கண்ணாடி போட்ட, ஓயாமல் சிரிக்கிற ஒரு பெண்.

கூடவே ஒரு பெரியவர் இறங்கினார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் கேமரா.

"எங்க அப்பா. கொளஞ்சியப்பன். விருத்தாசலத்துல இருக்கார். நேத்து வீட்டுக்குப் போனேன், நானும் வர்றேன்னு ஒட்டிக்கிட்டார்."

"நெய்வேலில முப்பத்தஞ்சு வருஷம் வேல பாத்தேன்மா" என்றார் பெரியவர். "ரிட்டயர் ஆனதும் மூணே வருஷத்துல அந்தமான், தாய்லாந்து, மாலத்தீவு எல்லாம் முடிச்சாச்சு. இந்தப் பக்கம்தான் வந்ததில்ல. இங்க பாக்க என்ன இருக்குன்னு வுட்டுட்டேன்."

கனிமொழி சிரித்து வைத்தாள். அவள் கணவன் அருண்பாண்டியன் படகைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. இவளுக்காக மூன்று மாதமாக ஓய்வு நாட்களில் படகோட்டப் பழகியிருந்தான். சொல்லிக் கொடுத்தது அவனுடைய பள்ளிக்கூடத் தோழன் ஆரோக்கியராஜ். உப்பங்கழியில் பிறந்து வளர்ந்த ஆள். இன்று அவன் சாப்பாட்டுப் படகுக்காகக் கரையிலேயே நின்றுகொண்டான்.

"அப்பா உங்கிட்ட ஏதாச்சும் பேசினாரா?" அருண் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"எதப் பத்தி?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். ஏறு."

படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்தது. தண்ணீர் நிறைந்து கிடந்த நேரம். வேர்கள் எல்லாம் மூழ்கி, இலைகளின் நுனி தண்ணீரைத் தொட்டபடி இருந்தது. மரங்கள் எதிலும் ஊன்றாமல் மிதந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. வாய்க்கால் குறுகக் குறுக, கிளைகள் தலைக்கு மேல் கூடிக்கொண்டன. அருண் என்ஜினை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளினான். சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சத்யப்பிரியா போனை எடுத்தாள். படம் எடுக்காமலேயே மடியில் வைத்துவிட்டாள்.

"தாய்லாந்துல இதே மாதிரி இருக்கு" என்றார் கொளஞ்சியப்பன். "அங்க படகுல குஷன் போட்டிருப்பான்."

தோப்புத்திட்டில் இளநீர் கொடுத்தார்கள். குடில்களைச் சுற்றிக் காட்டினாள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு முறை குதித்துப் பார்த்தார்.

"ஏசி?"

"கடல் காத்து நேரா உள்ள வரும் சார்."

"அந்தமான்ல ஏசி உண்டு."

பிறகு சின்னத் துடுப்புப் படகு, வலை வீசிப் பார்ப்பது, தென்னைகளுக்கு இடையே கட்டிய கயிற்று ஊஞ்சல். சத்யப்பிரியா எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். சிரித்தாள். ஆனால் கையிலிருந்த சின்ன நோட்டில் அதிகம் எழுதவில்லை. ஆறு வருடப் பழக்கம். சத்யப்பிரியா ஓர் இடத்தைப் பற்றி 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொன்னால் அது கம்பெனிப் பட்டியலில் ஏறாது என்பது கனிமொழிக்குத் தெரியும். பதினொன்றரை மணிக்குள் அவள் அதை மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

*

பன்னிரண்டு மணிக்கு முகத்துவாரம் பார்க்கக் கிளம்பினார்கள். உப்பங்கழி கடலோடு சேருகிற வாயில், வெள்ளைக் கோடாய் அலை உடைந்துகொண்டிருந்தது. பெரியவர் பார்த்துவிட்டு, "சுமாரா இருக்கு" என்றார்.

கனிமொழி மாமியாருக்குப் போன் செய்தாள்.

"அத்தை, கெளம்பிட்டீங்களா?"

"காக்கா இன்னும் வரல."

"மணி பன்னெண்டே முக்கால் அத்தை."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? மாடியில நின்னு தொண்ட கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன். உங்க மாமா வேற தர்ப்பணம் குடுத்துட்டு வந்து பசியில உர்ருன்னு ஒக்காந்திருக்காரு. மத்த நாளு வடகம் காயப் போட்டா பத்து வரும். இன்னிக்குப் பாத்து ஒண்ணக் காணோம்."

காக்காய் வந்து, படகு கிளம்பியபோது ஒன்றே கால். முகத்துவாரத்திலிருந்து இவர்கள் திரும்பியதும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

தோப்புத்திட்டின் தென்னைகள் தெரிகிற தூரத்தில், படகின் அடியில் சொரசொரவென்று ஒரு சத்தம். என்ஜின் கரகரத்தது. அருண் அதைத் தூக்கிவிட்டான். கழியை ஊன்றித் தள்ளினான். படகு அரை அடி நகர்ந்து, பிறகு சும்மா நின்றுவிட்டது.

"என்னங்க?"

"தண்ணி இல்ல கனி."

நான்கு பக்கமும் தண்ணீர். கண்ணுக்கு எட்டிய மட்டும் பளபளவென்று தண்ணீர். ஆனால் அவன் கழி அதில் முழங்கால் அளவுக்குக் கூட இறங்கவில்லை.

கொளஞ்சியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "லஞ்ச் ஒன்றரைக்குன்னு போட்டிருந்துச்சே?"

அருண் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் ஆரோக்கியராஜின் குரல் கேட்டது.

"மச்சான், நீ எங்கடா இருக்கே?"

"நடுக் கழியில மாட்டிக்கிச்சு மச்சான். நீ வந்து இழுத்து வுடு."

"நான் எங்கடா வர்றது? நானும்தான் மாட்டிக்கிட்டு நிக்கறேன். நேரம் தாண்டிடுச்சு, வேணாம்னேன், உங்கம்மா கேக்கல. இடது பக்கம் திரும்பிப் பாரு."

எல்லாரும் திரும்பினார்கள். நானூறு ஐந்நூறு அடி தள்ளி இன்னொரு படகு அசையாமல் நின்றது. அதில் அண்டாக்களுக்கும் தூக்கு வாளிகளுக்கும் நடுவே, குடை பிடித்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் தில்லையம்மாள். பக்கத்தில் ராஜமாணிக்கம்.

"வெள்ளிக்கெழமையே உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன்ல?" ஆரோக்கியராஜ் கத்தினான். போனிலும் கேட்டது, காற்றிலும் கேட்டது. "அமாவாச அன்னிக்கு வத்தம் ஜாஸ்தி, தண்ணி ரொம்ப வடிஞ்சிரும், ஒரு மணிக்கு மேல அந்தப் பக்கம் படகு ஓடாது, புரோகிராம மாத்தச் சொல்லுன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னே."

"அப்பறம்?"

"மறந்துட்டேன் மச்சான். வெள்ளிக்கெழம நான் வேற ஒரு வேலையில இருந்தேன்."

கனிமொழி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கார் வரும் நேரம் இருந்தது. படையல் முடியும் நேரம் இருந்தது. இளநீருக்குக் கூட ஒரு நேரம் இருந்தது. எத்தனையோ பேருக்குத் தீவுத் திட்டம் போட்டுக் கொடுத்தவள், தண்ணீருக்கென்று ஒரு வரி எழுதவில்லை. நாள் பார்த்தவர்கள் யாருமே கடலுக்கு அன்று என்ன நாள் என்று கேட்கவில்லை.

முடிந்தது என்று நினைத்தாள். நாளைக்குப் பண்ணைக்காரர்கள் வருவார்கள். மரம் அறுக்கிற இயந்திரம் அடுத்த வாரமே வரும்.

"சாரி மேடம்" என்றாள். "என் தப்புதான்."

சத்யப்பிரியா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனிமொழி. அங்க பாரு. அது என்ன?"

*

முதலில் எருமை முதுகைப் போல ஒன்று தெரிந்தது. இரண்டு படகுகளுக்கும் நடுவில், தண்ணீருக்கு மேலே, ஈரமாய், பழுப்பாய்.

"எறங்காதீங்க!" ஆரோக்கியராஜ் கையை ஆட்டினான். "ஓரத்துல சேறு. அர மணி நேரம் பொறுங்க. மணல் வருது!"

மணல் வந்தது. பக்கத்தில் இன்னொரு முதுகு எழுந்தது. இரண்டும் ஒன்றானது. தண்ணீர் விலகுகிறதா, நிலம் எழுகிறதா என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறை கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தபோதும் அது பெரிதாகியிருந்தது. ஓடைகள் போல நீர் வழிந்து இறங்க, அடியில் வரிவரியாய் மணல் தெரிந்தது. சின்னச் சின்னதாய் ஏதோ வெடிக்கிற சத்தம் எங்கும் கேட்டது. மணலுக்குள் அடைந்திருந்த காற்று வெளியேறுகிற சத்தம் அது.

பிறகு பறவைகள் வந்தன. எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. உள்ளான்கள் கூட்டமாய் இறங்கி, கூட்டமாய் ஓடி, கூட்டமாய் நின்றன. ஆலாக்கள் வெள்ளையாய்த் தலைக்கு மேல் சுற்றின. யாரோ மணி அடித்துச் சொன்னதுபோல அத்தனையும் அந்த நேரத்துக்கு அங்கே வந்து சேர்ந்திருந்தன.

இரண்டு மணி நேரத்துக்கு முன்பு அந்த இடத்தின் மேலாகத்தான் இவர்கள் படகில் போயிருந்தார்கள். இப்போது கோயில் தேரோடும் வீதி அளவுக்கு, நீளமும் அகலமுமாய், ஒரு காலடி கூடப் படாத நிலம் கிடந்தது.

கொளஞ்சியப்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எந்த ஊர்ப் பெயரையும் அவர் சொல்லவில்லை.

"இப்ப எறங்கலாம்!" என்று குரல் வந்தது.

இறங்கினார்கள். ஓரத்தில் தொடையளவு பள்ளம் ஒன்று இருந்தது. அதைத் தாண்டியதும் காலுக்கடியில் மணல் கெட்டியாய், குளிர்ச்சியாய் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அவர்களும் இறங்கி வந்தார்கள். ஆரோக்கியராஜ் தோளில் சோற்று அண்டா. தில்லையம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கையில் சாம்பார் வாளி, ஒரு கையில் வடைத் தூக்கு. ராஜமாணிக்கம் ஒரு மஞ்சள் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பின்னால் வந்தார்.

"சாம்பாரத் தூக்குங்கன்னா மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டு வர்றாரு பாரு" என்று தில்லையம்மாள் தூரத்திலிருந்தே புகார் சொன்னாள். "அதுல என்ன கெரீடமா இருக்கு?"

ராஜமாணிக்கம் பையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

பாதி தூரத்தில் தில்லையம்மாள் சட்டென்று நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தாள். மணலெங்கும் கடுகளவு துளைகள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மிளகளவு மணல் உருண்டைகள், பூ விரிந்ததுபோல் வரிசை வரிசையாய். ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கில்.

"அமாவாசையும் அதுவுமா யாரு இங்க இத்தன கோலம் போட்டது?"

"நண்டுக் குஞ்சுங்க அத்த" என்றான் ஆரோக்கியராஜ். "மணலத் தின்னுட்டு உருட்டி உருட்டிப் போடும். மேல தண்ணி வந்தா எல்லாம் அழிஞ்சிரும். நாளைக்கு மறுபடி போடும்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு வத்தத்துக்கும்."

தில்லையம்மாள் அதற்குமேல் நேராக நடக்கவில்லை. கோலங்களை மிதிக்காமல் வளைந்து வளைந்து வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே நடந்தார்கள்.

நான்கு கழிகளை ஊன்றித் தார்ப்பாயை நிழலாகக் கட்டினான் ஆரோக்கியராஜ். அருண் இலை போட்டான். பூசணிக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், கொத்தவரங்காய்ப் பொரியல், மாங்காய்ப் பச்சடி, வடை, பண்ருட்டி முந்திரி போட்ட பாயசம். உட்கார்ந்தவர்களின் கண் மட்டத்தில் மணல் முடிந்து, தண்ணீர் தொடங்கி, அதற்கு மேல் வானம் வரைக்கும் ஒன்றுமே இல்லை.

அப்பளம் நொறுங்குவது கேட்டது.

இலையிலிருந்து ஒரு துண்டு வடையைப் பெரியவர் எட்டி எறிந்தார். கடற்காகம் ஒன்று அது கீழே விழுமுன் கவ்வியது. அடுத்த நொடி முப்பது வந்து நின்றன.

"இங்க பாரு கூட்டத்த!" தில்லையம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "வீட்டுல அர மணி நேரம் கெஞ்சினேன். ஒண்ணு எட்டிப் பாக்கல."

கனிமொழி முதல் தடவையாக அன்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"பிரியா" என்றார் கொளஞ்சியப்பன், இலையை மடிக்காமல். "மாலத்தீவுல நடுக்கடல்ல இப்படி ஒரு மணல்ல கொண்டு போய் எறக்கி வுட்டான், ஞாபகமிருக்கா? நாம போறப்ப அங்க ஏற்கெனவே மூணு படகு நின்னுச்சு. இருபது நிமிஷம்தான்னு விசில் ஊதினான்." கொஞ்சம் நிறுத்தினார். "அது ஏற்கெனவே இருந்த மணல். இது என் கண்ணு முன்னால வந்துச்சு. வீட்டுலேர்ந்து ஒரு மணி நேரத்துத் தூரம். எனக்கு அறுபத்தேழு வயசாவுது."

சத்யப்பிரியா கையைக் கழுவிவிட்டு வந்து ஆரோக்கியராஜின் எதிரில் உட்கார்ந்தாள்.

"இது என்னிக்கெல்லாம் வரும்?"

"நல்லா பெருசா வர்றது அமாவாச, பௌர்ணமி. அதச் சுத்தி ரெண்டு மூணு நாளு. மத்தபடி எட்டிப் பாக்கும், போயிரும். பொயலு, மழைக் காலத்துல நான் யாரையும் கூட்டியார மாட்டேன்."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"இதோ இப்ப திரும்பிடுச்சு தண்ணி. இன்னும் ஒரு மணி நேரம்."

"தாளைக் குடு" என்று சத்யப்பிரியா கனிமொழியிடம் கை நீட்டினாள். மூன்று தலைப்புகளுக்கும் மேலே, தாளின் உச்சியில், பேனாவால் ஒரு வார்த்தை எழுதினாள். தண்ணீர்.

"இத மொதல்ல வெச்சு எல்லாத்தையும் மாத்திப் போடு. இவர் சொல்ற நேரம்தான் நேரம். மாசத்துக்கு ரெண்டு குரூப், எட்டு எட்டுப் பேர். சாப்பாடு இதே சாப்பாடு. இங்கேயே. நண்டு வேணாம்."

கனிமொழி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாசா மாசம் அமாவாசைக்கா?" தில்லையம்மாள் பாயச வாளியை மூடினாள். "அதெல்லாம் காக்கா வர்றதப் பொறுத்து."

*

ராஜமாணிக்கம் சாப்பிட்டு முடித்ததிலிருந்து மணலின் ஓரமாகத் தனியே நடந்துகொண்டிருந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனார். வயலில் வரப்புப் பார்க்கிறவரைப் போல அங்கங்கே நின்று, குறுக்கே பார்த்தார். தோப்புக்கு வந்து போகிறவர்தான். தேங்காய் வெட்டுக்குக் காலையில் வருவார், பத்து மணிக்குப் போய்விடுவார். முப்பது வருடத்தில் இந்த நேரத்தில் அவர் இங்கே நின்றதில்லை.

"ஆரோக்கியம்" என்று கூப்பிட்டார். "இது நம்ம பட்டாவுல வருதா?"

ஆரோக்கியராஜ் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "இது யாரு பட்டாவுலயும் வராது மாமா. ரெண்டு மணி நேரம்தான் இருக்கும். எந்த சர்வேயர் வந்து சங்கிலி புடிப்பான்?"

ராஜமாணிக்கம் தலையை ஆட்டினார். அவர் காலடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முதல் வரிசைக் கோலங்கள் கரைந்தன. பிறகு இரண்டாவது வரிசை. அவர் பின்வாங்கவில்லை. வேட்டி நனைய நின்று அதையே பார்த்தார்.

நாலரை மணிக்குப் படகுகள் மிதக்கத் தொடங்கின. விருந்தாளிகளையும் அத்தையையும் ஆரோக்கியராஜ் ஏற்றிக்கொண்டான். கொளஞ்சியப்பன் ஏறிய பிறகும் மணலைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். கேமரா கழுத்திலேயே கிடந்தது. அன்று அவர் ஒரு படம் கூட எடுக்கவில்லை என்பது அவருக்கே வீட்டுக்குப் போனபிறகுதான் தெரியப்போகிறது.

அண்டா, வாளிகளோடு அருணும் கனிமொழியும் அடுத்த படகில். ஏறப் போனவளை ராஜமாணிக்கம் நிறுத்தினார். மஞ்சள் பையை அவள் கையில் வைத்தார்.

"என்ன மாமா?"

"பண்ணக்காரனுக்கான பத்திரம். கையெழுத்துப் போட்டாச்சு. வெள்ளிக்கெழமயே போட்டுட்டேன்."

கனிமொழி அவரையே பார்த்தாள்.

"நீ தோத்துருவேன்னு நெனச்சேம்மா" என்றார். குரலில் நடிப்பு இல்லை. "இன்னிக்கு சாயங்காலம் அப்படியே போய்க் குடுத்துரலாம்னு எடுத்தாந்தேன். தண்ணியில நனையக் கூடாதுன்னு தலையில வேற தூக்கிக்கிட்டு வந்தேன்."

"கிழிச்சுப் போட்டுரலாமே மாமா."

"போட்ட கையெழுத்தக் கிழிக்க எனக்கு மனசு வராது. நாளைக்கு அவனுங்க வந்தா, எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலன்னு சொல்லுவேன். அது பொய்யா இருக்கக் கூடாது. அதனால நீ எங்க வெக்கறேன்னு எங்கிட்ட சொல்லாத."

அவர் போய் அந்தப் படகில் ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

*

வெயில் சாய்ந்திருந்தது. சாப்பிட்ட இடம் எது என்று இப்போது யாராலும் கைகாட்டிச் சொல்ல முடியாது. காலையில் இருந்ததுபோலவே நான்கு பக்கமும் தண்ணீர் மட்டும் பளபளத்தது. உள்ளான் கூட்டம் எழுந்து, ஒரே பக்கமாய்த் திரும்பி, காட்டின் மேல் மறைந்தது. கனிமொழிக்கு ஒரு நிமிடம் எல்லாம் நிறைந்ததுபோல் இருந்தது. ஒன்பது ஏக்கர் தென்னையும் அப்படியே நிற்கும். மரம் அறுக்கிற இயந்திரம் வராது.

பின்னால் அருண் என்ஜினைப் பிடித்தபடி சீட்டி அடித்துக்கொண்டிருந்தான்.

அவள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தாள். ஈரம் படவில்லை. கடைசிப் பக்கம். மாமாவின் கையெழுத்து, நிதானமாய், பெயர் முழுவதுமாய். பக்கத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி.

அதற்குக் கீழே, சாட்சி என்று அச்சடித்த இடத்தில், இன்னொரு கையெழுத்து இருந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பார்த்தது.

சீட்டி தொடர்ந்தது. படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்தது. காலையில் மூழ்கிக் கிடந்த வேர்கள் எல்லாம் இப்போது வெளியே தெரிந்தன. ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, சேறு பூசி, ஆயிரம் விரல்களாய்.

அவள் ஏதோ கேட்டாள்.

"என்ன கனி?" அவன் காதில் கை வைத்துக்கொண்டு, என்ஜினை நிறுத்தினான். எங்கும் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"வெள்ளிக்கெழம ஒரு வேலையில இருந்தேன்னு சொன்னீங்களே" என்றாள் கனிமொழி. "என்ன வேலைங்க அது?"

அருண்பாண்டியனின் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, மடியிலிருந்த மஞ்சள் பையில் வந்து நின்றது.